பார்த்துப் பார்த்துத் தேய்ந்தவர்

கடைசி வீட்டின் கீழ் அறையில் குடியிருந்தவன் அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வையில் தேய்ந்துபோனான். முதலில் போனவை கைகள். மழைக்காலம் முடிந்தபோது நகங்கள், குளிர் தொடங்கும் முன் விரல்கள், பிறகு மணிக்கட்டு. வலி இல்லை, ரத்தம் இல்லை. துணியிலிருந்து சாயம் போவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போயின. டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் இரண்டு சட்டைக் கைகளையும் மடித்துவிட்டுப் பார்த்தார், சத்துக் குறைவு என்றார், காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவனும் ஒரு வேளைகூடத் தவறாமல் விழுங்கினான். அந்த மாதம் முழங்கை வரை போயிற்று. தெருவில் தண்ணீர்க் குழாயைத் தோண்டி மாற்றியதும் அந்த வருடம்தான் என்பதால் பலருக்கும் இது நன்றாக நினைவிருக்கிறது.

அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகும் நர்ஸ் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவள் மட்டும்தான் அவனை ‘அவர்’ என்றும் சொல்வாள். தெரு வைத்த பெயர் தாழ்ப்பாள். ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த பெரிய இல்லத்தில், வரிசையாகப் போட்ட இரும்புக் கட்டில்களில் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். மனசு சரியில்லாதவர்களை இப்படி மொத்தமாக அடைத்துப்போடுவது பாவம், நாலு பேரோடு நாலு பேராக வாழவிட வேண்டும் என்று மேலே யாருக்கோ நல்ல புத்தி வந்து, தெருவுக்கு ஒருவராகக் கொண்டுவந்து விட்டார்கள். இந்தத் தெருவுக்கு இவன் வந்து வாய்த்தான். கத்தமாட்டான், யாரையும் தொடமாட்டான். திறந்து கிடக்கும் கேட்டைக் கண்டால் மட்டும் அவனுக்குச் சோறு இறங்காது. காலையிலும் மாலையிலும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பான். எந்த வீட்டுக் கேட் திறந்திருந்தாலும் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, “மூடியாச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவான். அடைபட்டுக் கிடந்தவனுக்கு அடைப்பதில் என்ன ஆசையோ என்று தெரு சிரித்தது. சிரித்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

அவனை அந்த அறையில் குடிவைத்தது அவனுடைய அக்கா. பகல் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வரவேண்டிய தூரத்தில், மருந்து டப்பா கட்டும் ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்ப்பவள். அறையைப் பெருக்கி, கட்டிலில் பாயை விரித்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது, வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களைப் பார்த்துக் கை கூப்பினாள். “எந்தம்பியக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கூட்டத்தில் முன்னால் நின்றவள் எதிர்வீட்டுத் தையல்காரி. அக்காவின் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. “நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்கக்கா. நாங்க இத்தன பேர் இருக்கோம். நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டவர் விசில். வங்கி வாசலில் முப்பது வருடம் காவல் இருந்து ஓய்வு பெற்றவர்; வேலை போனாலும் விசில் போகவில்லை, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். தெருவின் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அவரே ஆரம்பித்து, அவரே தலைவரும் ஆகியிருந்தார். இல்லத்திலிருந்து ஆள் வருகிறான் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மறுநாளே குழுவைக் கூட்டினார். “கூடப் பொறந்த அக்காவே பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? பாத்துக்கணும். ஒரு நிமிஷம் கண்ண எடுக்கக் கூடாது” என்றார். யாரும் மறுக்கவில்லை. குழந்தை குட்டி இருக்கிற தெரு, வயசுப் பெண்கள் இருக்கிற தெரு, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்கு ஒரு நேரம் பிரித்தார்கள். காலையில் மாடி வீட்டுக்காரர், பள்ளி விடும் நேரத்தில் டீச்சர், மாலையில் விசிலே. மத்தியானம் முழுவதும் தையல்காரிக்கு. அவள் மெஷின் ஜன்னலோரம் இருந்தது, ஜன்னல் அவன் அறைக்கு நேர் எதிரே இருந்தது. உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைதானே என்று அவள் தலையில் கட்டினார்கள்.

பார்ப்பது என்றால் எதைப் பார்ப்பது? முகத்தைப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. அவன் திரும்பிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது. ஆகவே எல்லாரும் கையைப் பார்த்தார்கள். கையில் என்ன வைத்திருக்கிறான், கையைப் பையில் ஏன் விட்டான், வெளியே எடுத்தானா, எதைத் தொட்டான். இருபது வீட்டுக் கண்ணும் இரண்டு கைமேல் விழுந்தால் கை என்ன இரும்பா? கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். புது வீட்டுக்கும் பிறந்த குழந்தைக்கும் சொல்வார்கள். இல்லத்திலிருந்து வந்தவனுக்கும் அது பொருந்தும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றவேண்டியது தையல்காரிக்கு. அவள் கண் சாதாரணக் கண் அல்ல. டேப்பே எடுக்காமல், வாசலில் நிற்கும் ஆளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் துணியில் கத்தரி வைப்பாள். கால் அங்குலம் பிசகாது. அப்படிப்பட்ட கண் தினமும் மத்தியானம் முழுக்க அவன்மேல் இருந்தது. அவனுடைய அக்கா துணி எடுத்து அனுப்பி ஒரு சட்டை தைத்துத் தரச் சொல்லியிருந்தாள். தைத்துப் போட்டுவிட்டபோது சட்டைக் கையின் நுனி தொங்கியது. தையல்காரிக்கு முதலில் வந்தது கோபம்தான், தன் அளவு தப்புமா என்று. பிறகு கையை மடித்துப் பார்த்தாள். விரல் நுனிகள் இல்லை. “வலிக்குதாப்பா?” என்று கேட்டாள். “இல்லக்கா” என்றான் அவன். “தாப்பாதான் பிடிக்க வரல.” அவள் சட்டைக் கையைக் கீழே மடித்துத் தைத்து, பொருந்தும்படி குட்டையாக்கிக் கொடுத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஊரில் கண்வலி பரவியது. தெருவில் ஒரு வீடு மிச்சமில்லை. எல்லாரும் கண் சிவந்து, இமை ஒட்டி, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்தார்கள். விசில் கூடப் படுத்துவிட்டார். ஒரு வாரம் தெருவில் பார்க்க ஆளில்லை. தையல்காரிக்குத்தான் முதலில் கண் தெளிந்தது. காலையில் இமையைப் பிரித்து ஜன்னல் வழியே பார்த்தாள். தாழ்ப்பாள் தெருவில் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு கேட்டாகச் சாத்திக்கொண்டு, பத்து விரலும் முழுசாக. தாழ்ப்பாள் விழும் சத்தம் ஒவ்வொன்றாக அவளுக்குக் கேட்டது. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்தது என்ன, வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவன் சுண்டுவிரல் நகம் மங்கியது. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தைத்தாள்.

ஒருநாள்தான் அப்படி இருந்தாள். மறுநாள் கண் தெளிந்த விசில் வந்து, ஜன்னல் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டார். அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார்கள், அது பரவாயில்லை. ஆனால் அவள் பார்க்காத நேரத்தில் தெருவில் ஏதாவது நடந்துவிட்டால்? ஒரு குழந்தைக்குக் காயம் பட்டால்? எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு என்னடி பண்ணினாய் என்று எல்லார் விரலும் அவளை நோக்கித்தானே நீளும். தனியாக இருப்பவள், தெருவை நம்பித் தைப்பவள். “வெயிலடிச்சுது, அதான் சாத்தினேன்” என்றாள். ஜன்னலைத் திறந்தாள். பார்த்தாள். விசிலோ ஒரு படி மேலே போய், கம்பத்தில் ஒரு கேமரா மாட்டி அவன் வாசலைப் பார்த்துத் திருப்பிவைத்தார். “கேமராவுக்குக் கண்ணுவலி வராது” என்றார். அதற்குப் பிறகுதான் முழங்கை போயிற்று. நர்ஸ் ஒருநாள் ஸ்கூட்டரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அவரை இப்படி முறைத்துக்கொண்டிருக்காதீர்கள், ஆளே இல்லாமல் போய்விடுவார் என்று சத்தம் போட்டாள். அவளுக்கு வேலைப்பளு, பாவம், ஏதோ பேசுகிறது என்று சொல்லிவிட்டார்கள். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தத் தெருவில் கண்ணுக்குப் பஞ்சமில்லை. கருத்துதான் ஒரு வீட்டிலும் கிடைக்கவில்லை.

கை போனபின் தெருவில் கேட்டுகள் திறந்தே கிடந்தன. அவன் வழக்கம்போல நடப்பான். திறந்த கேட்டின் முன்னால் நிற்பான். தோளால் தள்ளிச் சாத்திப் பார்ப்பான்; தாழ்ப்பாள் விழாமல் கேட் மறுபடி திறந்துகொள்ளும். வீட்டுக்காரரைப் பார்த்து, “மூடலயே” என்பான். போப்பா போ என்று விரட்டுவார்கள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். விசிலின் வீட்டில் அவருடைய அப்பா இருந்தார். பெரியவருக்கு நினைவு கழன்றுபோய்ச் சில வருடம் ஆகியிருந்தது. மகன் முகமே சில நாள் தெரியாது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்து தெருவில் இறங்கிவிடுவார். வெளியில் தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று விசில் அதை மூடி மறைத்து, பின்னறையிலேயே வைத்திருந்தார். தாழ்ப்பாளுக்கு மட்டும் அது தெரியும். காலை மாலை நடக்கும்போது பல தடவை பெரியவர் கேட்டைத் தாண்டி வருவதைப் பார்த்து, உள்ளே விட்டுச் சாத்தியிருக்கிறான். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் தாழ்ந்த ஒரு மத்தியானம், விசில் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் கேமராப் படத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவுக்கே காவல் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் அவருடைய அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு, திறந்துகிடந்த கேட் வழியாக நிதானமாக வெளியே போனார். தெருமுனையில் மெயின்ரோடு. அங்கே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தாழ்ப்பாள் தன் வாசலிலிருந்து அதைப் பார்த்து ஓடினான். எதிர் ஜன்னலில் இருந்த தையல்காரி அவன் ஓடுவதைத்தான் பார்த்தாள். முன்னால் யார் போகிறார்கள் என்று பார்க்கவில்லை. அவள் பார்க்கவேண்டியது அவனைத்தானே. “ஐயோ, ஓடுறான்! ஓடுறான்!” என்று கத்தினாள். விசில் ஊதப்பட்டது. வீடுகளிலிருந்து எல்லாரும் ஓடிவந்தார்கள். முனைக்கு வந்தபோது அவர்கள் கண்டது, கையில்லாத அந்த மனிதன் தன் நெஞ்சாலும் தோளாலும் ஒரு கிழவரை முட்டித் தள்ளுவதை. பெரியவர் மல்லாக்க விழுந்தார். அவன் அவர்மேல் குறுக்கே விழுந்தான். அவனை இழுத்துப்போட்டுச் சுற்றி வளைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, உண்மையைச் சொல்லவேண்டும். ஒருவரும் கை வைக்கவில்லை. வட்டமாக நின்று பார்த்தார்கள். அத்தனை பேரும், ஒரே ஆளை, கண் சிமிட்டாமல். தோள் போயிற்று, நெஞ்சு போயிற்று, கால் போயிற்று. கடைசியாகத்தான் முகத்தைப் பார்த்தார்கள், முதல்முறையாக. அது தையல்காரியின் பக்கம் திரும்பியிருந்தது. “அக்கா, கேட்டு” என்றது. பிறகு முகமும் இல்லை. பொத்தான் போட்டது போட்டபடி ஒரு சட்டையும், மடித்துவிட்ட ஒரு கால்சட்டையும் தார்மேல் கிடந்தன.

அப்போதுதான் பிரேக் அடித்து நின்ற லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தான். “யோவ், அறிவிருக்கா உங்களுக்கு? பெரியவரு நேரா என் சக்கரத்துக்கு வந்தாரு. அந்த மனுஷன் குறுக்க விழுந்து தள்ளலன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும்? எங்க அவரு? எங்கய்யா அவரு?” என்று ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக் கேட்டான். பெரியவர் எழுந்து உட்கார்ந்து, முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அந்தத் தம்பி எங்கே, தினமும் என்னை வீட்டில் கொண்டுவந்து விடுமே என்றார். விசில் நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது என்று யாரோ முணுமுணுத்தார்கள். தையல்காரி குனிந்து சட்டையை எடுத்தாள். தான் தைத்த சட்டை, தானே கை குறைத்த சட்டை. அது இன்னும் சூடாக இருந்தது. மடித்துக் கொண்டுபோய்க் கடைசி வீட்டு அறையில் கட்டிலில் வைத்தாள். அன்றிலிருந்து தெரு தாழ்ப்பாளை ‘அவர்’ என்றுதான் சொல்கிறது. இங்கேயும் இனி அப்படித்தான்.

அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல், ஆளைக் காணவில்லை என்று சொன்னார்கள். மறுநாள் மாலை வந்து இறங்கினாள். தையல்காரிதான் எதிரே போனாள். வேறு யாருக்கும் முகம் இல்லை. “நாங்க பாத்துக்கிட்டேதான் இருந்தோம்க்கா” என்று ஆரம்பித்தாள். நடந்ததெல்லாம் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டாள். கத்தவில்லை. “நான் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். பாத்துக்கிட்டே இருங்கன்னா சொன்னேன்?” என்று மட்டும் கேட்டாள். நாலு எழுத்து வித்தியாசம். தெருவில் டீச்சர் இருந்தார், அன்றாடம் செய்தித்தாள் படிப்பவர்கள் இருந்தார்கள், அத்தனை பேரில் ஒருவருக்கும் அது விளங்காமல் போயிற்று. கண் கெட்ட பிறகு விளங்கி என்ன பிரயோஜனம்.

அக்கா அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. “சாப்ட்டியாக்கா?” என்று ஒரு குரல் கேட்டது. அவள் திரும்பினாள். கட்டிலில் சட்டை மட்டும் அவள் கண்ணெதிரே சரிந்து விழுந்தது. ஒருமுறைதான் அந்தத் தப்பைச் செய்தாள். மறுபடி சுவர் பக்கம் திரும்பி, கையைப் பின்னால் நீட்டினாள். தம்பியின் முழங்கால் கிடைத்தது. விடியும்வரை அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள். காலையில் வெளியே வந்து தெருவிடம் சொன்னாள், ஆள் இருக்கிறான், பார்த்தால் இருக்கமாட்டான் என்று. தன்னோடு அழைத்துப் போகத்தான் நினைத்தாள். ஃபேக்டரி விடுதியில் எட்டுப் பெண்களுக்கு ஒரு அறை. எங்கே வைப்பாள்? தெருவிடம் இன்னொரு தடவை கேட்கவும் அவளுக்கு வாய் வரவில்லை. நர்ஸிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் இல்லத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கேமராவை அதற்குள் விசிலே கம்பத்தில் ஏறிக் கழற்றிவிட்டிருந்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. அறையைப் பார்த்தார்; கட்டிலில் மடித்து வைத்த சட்டை இருந்தது, ஆள் இல்லை. ஆளில்லாத அறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இதற்காக இல்லத்தில் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், அறையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவரும் இல்லத்துக்கே திரும்பிப் போகலாமே என்று நர்ஸ் கேட்கவும் முடியாது; இல்லத்தில் தலையை எண்ணித்தான் சோறு, கண்ணுக்குத் தெரியாத தலையை யார் எண்ணுவார்? இந்த அறையும் போனால் உலகத்தில் அவருக்கு நிற்க இடம் இல்லை. தெரு முழுவதும் வாசலில் நின்றிருந்தது. ஆள் எப்படிக் காணாமல் போனார் என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

“நான் பாத்தேன் சார்” என்றாள் தையல்காரி. அதிகாரிக்குப் புரியவில்லை. “எல்லாரும் பாத்தாங்க. எல்லாரையும் விட நான்தான் அதிகமாப் பாத்தேன். கண்ணுவலி வந்தப்பவே எனக்குத் தெரியும் சார், பாத்தாதான் இவரு தேயறாருன்னு. தெரிஞ்சும் பாத்தேன். என் நேரத்துல ஏதாச்சும் ஆயிட்டா பழி என் தலைல விழுமேன்னு பாத்தேன். என்னைய என்ன வேணா பண்ணுங்க, அவரு இடத்த மட்டும் எடுத்துராதீங்க.” தெருவில் பலருக்கு அது அப்போதுதான் தெரியும். டீச்சர் அடிப்பாவி என்று வாய்விட்டே சொன்னார். தையல்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க சார்” என்றாள். அதிகாரி சிரித்தார். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் நின்ற அத்தனை பேரும், விசில் உட்பட, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். அவரும் என்ன செய்வார், திரும்பினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துணி உரசும் சத்தம். பொத்தான் போடும் சத்தம் வர வெகுநேரம் ஆயிற்று. விரல்கள் இன்னும் சரியாக முளைக்கவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அதிகாரியின் தோளில் ஒரு கை விழுந்தது. “சார், நீங்க வந்த கேட்டு தொறந்திருக்கு” என்றார் அவர். அதிகாரி திரும்பிப் பார்க்காமலே வெளியே போய், கேட்டைச் சாத்தி, ஆள் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வாசலைக் கடக்கும்போது எல்லாரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். தவறிப் பார்த்துவிட்டால் நல்ல மனுஷனை நடுத்தெருவில் துணியில்லாமல் நிறுத்திய பாவம் வரும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்த்தார்கள். சாப்பாட்டைப் பின்னோக்கி நடந்துபோய் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, உடம்பு எப்படி, ராத்திரி தூங்கினாரா, நர்ஸ் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டார்கள். பார்க்க முடியாதபோது கேட்டுத்தான் ஆகவேண்டும். முதல் வருடத்திலேயே அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது, பார்த்த காலத்தில் தெரிந்ததைவிட அதிகம். அவருக்கு இடி என்றால் பயம், கணக்கு நன்றாக வரும், சின்ன வயதில் நீச்சலில் பரிசு வாங்கியவர். கேட்டுகளும் மறுபடி சாத்தப்பட்டன. விசிலின் அப்பா மட்டும் தினமும் வந்து அவருக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவார். எதைப் பார்த்தாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடுகிற பார்வை, அதனால் ஒரு கேடும் வரவில்லை. பெரியவர் செத்த அன்று விசில் வந்து, அறை வாசலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெகுநேரம் அழுதார். உள்ளேயிருந்து ஒரு கை வந்து முதுகைத் தடவிக் கொடுத்தது. மன்னிப்புக் கேட்டாரா என்று தெரியாது. விசில் சத்தம் அதற்குப் பிறகு கேட்டதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் விடும் நேரம், குப்பை வண்டி வரும் நாள், கடைசி வீட்டுக்காரரைப் பார்க்கக் கூடாது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அவர்களும் சரி என்று கேட்டுக்கொள்வார்கள்.

தையல்காரி மெஷினைத் திருப்பிப் போட்டுவிட்டாள், சுவரைப் பார்த்து. கண்ணளவு எடுப்பதையும் விட்டுவிட்டாள். டேப் பிடித்து அளந்தாள், வாடிக்கையில் பாதி போயிற்று. அக்கா வருடத்துக்கு இரண்டு முறை வருவாள். தம்பியோடு முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள். தையல்காரியிடம் நல்லவிதமாகவே இரண்டு வார்த்தை பேசுவாள், ஆனால் அவள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. சில வருடம் கழித்து அவர் மத்தியான நேரங்களில் தையல்காரியின் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் தைத்து முடித்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுப்பார். அவள் பேசுவாள், அவர் கேட்பார். சில நாள் மாறி நடக்கும். ஒன்பதாவது வருடமோ பத்தாவதோ, மெஷினை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள். எத்தனை நாளாக மனசில் வைத்திருந்தாளோ. “ஒரே ஒரு தடவ திரும்பிப் பாக்கட்டுமாப்பா? பாத்துட்டு உடனே திரும்பிக்கறேன்.” பின்னால் ஊசி நின்றது. அவர் நன்றாக யோசித்தார். பிறகு, “வேண்டாம்க்கா” என்றார். குரலில் கோபம் இல்லை. அவள் சரி என்று சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள். சுவர் பக்கம் வெளிச்சம் போதாமல் அவள் கண் சில காலமாகச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் கடைக்குப் போய், கொஞ்சம் பெரிய பல்பாகப் பார்த்து வாங்கிவந்து மாட்டினாள்.